உப்பி உட்கார்ந்த குருவி

என் தம்பிக்குப் பொறுமை என்பது கண்ணில் கேமரா இருக்கும்போது மட்டும்தான். மற்ற நேரத்தில் காபி ஆறுகிற வரைக்கும்கூடப் பொறுக்கமாட்டான். வாயைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டுவான். அதே ஆள், இலையெல்லாம் கொட்டி நிற்கும் மரத்தடியில், ஈரப் புல்லில், பழைய மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு காலை முழுக்கக் கவிழ்ந்து கிடப்பான். மூக்கு ஒழுகினாலும் துடைக்கமாட்டான். கையை எடுத்தால் குருவி பறந்துவிடுமாம்.

தெருக்கோடியில் ஸ்டுடியோ வைத்திருந்தவன் அவன். அடையாள அட்டைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் படம். "தலையை நிமித்துங்க, சிரிக்காதீங்க, ஆடாதீங்க" என்று இந்த மூன்றைச் சொல்லியே பாதி ஆயுளை ஓட்டிவிட்டான். பிறகு ஆளாளுக்கு போனில் சுவர் ஓரமாக நின்று தங்களையே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். கடை மூடியாயிற்று. என் தையல் அறை மூலையில் நாற்காலி போட்டு, ஸ்டுடியோவில் இருந்த அதே முகத்தோடு, வெறும் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். கல்யாணம் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு ஒருமுறை நடந்தும் ஒத்துவரவில்லை, அவனுக்கு நடக்காமலே ஒத்துவரவில்லை. ஒருவருக்கு ஒருவர்தான் துணை. அவன் அப்படி உட்கார்ந்தபின் நான் மெஷினை நிறுத்தி நிறுத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வீட்டிலேயே ஆல்ட்டரேஷன் தைப்பவள். பேண்ட்டைக் குட்டையாக்குவது, ஜிப் மாற்றுவது, தொளதொளவென்று இருப்பதைப் பிடித்துக் கொடுப்பது. மெஷினுக்கு எதிரே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் தோட்டம். ஒருநாள் கடைத்தெருவில் பறவைத் தீனிப்பெட்டி ஒன்றைப் பார்த்தேன். கூரை வைத்த மரப்பெட்டி, பக்கவாட்டில் விதை விழ ஒரு தட்டு. வாங்கிவந்து ஜன்னலுக்கு நேர் கிளையில் மாட்டினேன்.

"யாருக்கு இது?" என்றான்.

"உனக்குத்தான். ஆடாம இருக்கத் தெரியாத கஸ்டமருங்க வருவாங்க. முடிஞ்சா எடு, பாப்போம்."

இரண்டு நாள் முணுமுணுத்தான். மூன்றாம் நாள் பரண்மேல் இருந்த பெரிய லென்ஸ் இறங்கியது. அதற்குப்பின் ஆளைப் பிடிக்க முடியவில்லை. விடிந்தால் பாலத்தடி, பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருக்கும் குட்டை, சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் இடம். "அங்கதான்க்கா நல்ல நல்ல பறவையா வருது" என்று நாற்றம் பிடித்த பூட்ஸோடு சமையலறைக்குள் வருவான். நான் கத்துவேன். அவனும் பதிலுக்குக் கத்துவான். வீடு பழையபடி வீடாக இருந்தது. ஊர் நூலகத்தில் பறவைப் படக் கிளப் ஒன்று இருக்கிறது, அதில் சேர்ந்தான். குளிர்காலத்தில் அவர்கள் வைக்கும் கண்காட்சியில் இவன் படமும் ஒன்று மாட்டுவதாகச் சொன்னார்கள். தலைகால் புரியவில்லை அவனுக்கு.

என் தொண்டையில் முதல்முதலாக ரொட்டி நின்றது அந்தச் சமயத்தில்தான்.

தண்ணீர் குடித்தேன், இறங்கியது. அடுத்த வாரம் சோறு நின்றது. பிறகு எதுவுமே ஒருதரம் யோசித்துவிட்டுத்தான் இறங்கியது. டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்து, "உள்ள கேமரா விட்டுப் பாக்கணும். இந்த வாரமே வாங்க, தள்ளிப் போடாதீங்க" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து, நூல்கண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

எங்கள் அம்மா போனது தொண்டைப் புற்றில்தான். கடைசிவரை கூட இருந்தவள் நான். தம்பியால் அந்த அறைக்குள் வரவே முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அறிவிப்புப் பலகையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பான். அம்மா அவனைக் கேட்கும்போதெல்லாம் "இதோ வெளியதான் இருக்கான்" என்று நான் சொல்வேன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிலரால் பார்க்க முடியாது, அவ்வளவுதான். அதனால் கண்காட்சி முடியட்டும், அவன் படம் ஒருமுறை சுவரில் தொங்கட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

மறைப்பது எனக்குக் கஷ்டமில்லை. அதுதானே என் தொழில். உடம்பு இறங்க இறங்க என் உடுப்பின் பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே தள்ளிப் பிடித்தேன். எதுவும் தொங்கவில்லை. மேலே ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் இன்னொன்று. "என்னக்கா, குளிருக்குப் பூசினாப்பல ஆயிட்டே" என்றுகூட ஒருநாள் கேலி செய்தான். சாப்பாட்டு மேசையில் பிசைவேன், உருட்டுவேன், வாய்க்குக் கொண்டுபோவேன். அவன் கேமராவின் சின்னத் திரையில் அன்றைய படங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். என் தட்டு காலியானதா, குப்பைக்குப் போனதா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

தீனிப்பெட்டிக்கு வருகிறவர்களில் ஒருவருக்கு நாங்கள் மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தோம். தடித்த அலகு, பச்சை உடம்பு, இறக்கையில் மஞ்சள் கோடு. வந்தவுடன் தட்டின் நடுவில் காலை அகற்றி உட்கார்ந்துகொண்டு மற்ற குருவிகளை விரட்டும். தம்பி ஜன்னல் திரையை ஒரு விரல் நகர்த்தினாலே போய்விடும். அதை நெருக்கத்தில் எடுக்கவேண்டும் என்பது இவனுக்கு வெறி. "ஒருநாள் மாட்டுவான் அவன்" என்பான்.

புல்லெல்லாம் வெளுத்து உறைந்திருந்த ஒரு காலையில் மாட்டியது.

நான் மெஷினில் இருந்தேன். மேனேஜர் தட்டின் ஓரமாக உட்கார்ந்திருந்தது. இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, நூல்பந்து மாதிரி உருண்டையாக. தம்பி பின்கதவைத் திறந்தான், அது போகவில்லை. ஒரு அடி வைத்தான், போகவில்லை. கடைசியில் கைநீட்டினால் தொடும் தூரத்தில் நின்று படம் எடுத்தான். சின்னக் குருவிகள் பக்கத்தில் வந்து தின்றன. அவற்றையும் அது விரட்டவில்லை. உள்ளே வந்தவனின் கண்ணில் தண்ணீர்.

"என்னை நம்புதுக்கா. இத்தனை நாள் கெடந்ததுக்கு இன்னைக்குத்தான் என்னை நம்பிச்சு."

அவன் படம் எடுத்தபோது நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது ஒரு விதையை எடுத்தது. அலகில் உருட்டியது. இன்னும் உருட்டியது. கழுத்தை நீட்டியது. பிறகு ஈரமாக அதைத் தட்டிலேயே விட்டது. மறுபடி ஒன்றை எடுத்தது. பசி இருக்கிறது, இறங்கவில்லை. இது எனக்குத் தெரியாதா? அந்த மேசையில் அவனெதிரே தினமும் நான் செய்வது அதுதானே.

வாயைத் திறந்தேன். "எப்படித் தெரியும்?" என்று கேட்பானே என்று மூடிக்கொண்டேன். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் வெகுகாலம் பார்த்ததில்லை.

அந்தப் படத்தைத்தான் கண்காட்சிக்குப் பெரிதாகப் போட்டான். வட்டமாக, பஞ்சுபோல, கண்ணைப் பாதி மூடி, உலகத்தையே நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குருவி. பார்த்தவர்கள் எல்லோரும் கொஞ்சினார்களாம். சட்டம் போட்டு, துணி சுற்றி, என் தையல் அறையிலேயே பத்திரமாக வைத்தான்.

பெட்டிக்கு அடியில் சாவு ஆரம்பித்தது. ஒருவர் துப்பியதை இன்னொருவர் தின்கிறார். பரவாமல் என்ன செய்யும்? தம்பி எழுந்திருக்கும் முன் நான் வெளியே போய்விடுவேன். புல்லில் கிடப்பதைப் பொறுக்கி, மிச்சத் துணியில் சுற்றி, குப்பைத் தொட்டியின் அடியில் போடுவேன். பிறகு கை கழுவிவிட்டு வந்து, பெட்டியில் விதையை நிரப்புவேன். ஆமாம், நிரப்பினேன். நிரப்பாவிட்டால் ஏன் என்று கேட்பான். பேசாமல் இருப்பது என் உடம்பைப் பற்றி மட்டும் என்றால் அது என் பாடு. இந்தச் சின்ன உயிர்கள் என்னை என்ன செய்தன? தினமும் என்னை நானே காறித் துப்பிக்கொண்டு, தினமும் நிரப்பினேன்.

கண்காட்சிக்கு முந்தின நாள் எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. தலை சுற்றியது. அவன் முந்திக்கொண்டான். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு தையல் அறைக்கு வந்தபோது, ஜன்னலுக்கு வெளியே மேனேஜரைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றான். உள்ளே கொண்டுவந்தான்.

"கனமே இல்லக்கா." கட்டைவிரலால் அதன் நெஞ்சைத் தடவினான். "எலும்பு கத்தி மாதிரி குத்துது. எவ்வளவு குண்டா இருந்துச்சு! அத்தனையும் இறகு. உள்ள ஒண்ணுமே இல்ல."

நான் மெஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"பூனையா இருக்கும்" என்றான். "இல்ல, குளிரு தாங்கலயோ என்னமோ. இன்னும் கொஞ்சம் நெறைய விதை போடணும்." அப்போது அவன் பார்வை ஜன்னலுக்குப் போனது. தட்டில் இன்னொன்று, ரொம்பச் சின்னது, உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவன் முகம் மலர்ந்தது. செத்த குருவியை மேசையில் வைத்துவிட்டுக் கேமராவை எடுத்தான். "பாத்தியா, இதுவும் பழகிடுச்சு!"

"எடுக்காதே" என்றேன்.

"ஏன்? வெளிச்சத்தைப் பாரு..."

"அது பழகல. பறக்கத் தெம்பில்லாம உக்காந்திருக்கு. மேனேஜரும் அப்படித்தான்டா இருந்துச்சு. அது உன்னை நம்பல. ஓட முடியல, அவ்வளவுதான். நோய். இந்தப் பெட்டியிலேர்ந்துதான் பரவுது. முதல்ல அதைக் கழட்டு."

எள்ளும் கொள்ளும் வெடித்தது அவன் முகத்தில். "ஓகோ, பறவை டாக்டரா நீ? ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கறவ, உனக்கு என்ன தெரியும்?" என்று கத்திவிட்டு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கிளப்பை நடத்துகிற டீச்சரம்மாவைத்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்தது. பேசப் பேச அவன் தோள் இறங்குவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது குரல் கம்மியிருந்தது. "தொண்டையில வர்ற நோயாம். உப்பி உக்காந்தா அதான் அடையாளமாம். டீச்சரம்மாவுக்குப் படத்தைப் பாத்தப்பவே சந்தேகம் வந்துச்சாம். நான் அவ்வளவு சந்தோஷமா இருந்ததால சொல்ல மனசு வரலயாம்."

நான் மேசையில் கிடந்த மேனேஜரை மிச்சத்துணியில் சுற்றினேன்.

"உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"பாத்தேன். விதையை உருட்டி உருட்டிக் கீழ விட்டுச்சு."

"எப்ப?"

"நீ படம் எடுத்த அன்னைக்கு."

"அப்பவே ஏன் சொல்லல?"

ஆயிரக்கணக்கான முகங்களைச் சின்னச் சதுரத்துக்குள் அடக்கிய கண் அது. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னைப் பார்த்தான். என் கழுத்தை, கன்னத்தை, ஸ்வெட்டருக்குமேல் ஸ்வெட்டரை.

"இதைக் கழட்டு."

"குளிருது."

"அக்கா."

அவனே என் கையைப் பிடித்து, இரண்டு ஸ்வெட்டரின் கையையும் மேலே தள்ளினான். மணிக்கட்டைக் கட்டைவிரலால் தடவினான். சற்று முன்பு குருவியைத் தடவியது போலவே.

"அம்மாவுக்கு வந்ததா?"

"தெரியல. கேமரா விட்டுப் பாக்கச் சொன்னாங்க. நான் போகல."

"எப்ப சொன்னாங்க?"

"இலை கொட்ட ஆரம்பிச்சப்ப."

அவன் திரும்பி வெளியே மரத்தைப் பார்த்தான். அதில் ஓர் இலைகூட இல்லை.

கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பெட்டியைக் கழற்றினான். விதையைக் குப்பையில் கொட்டி, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி, கை சிவக்கத் தேய்த்தான். குருவிகள் வந்து, வெறும் கொக்கியைச் சுற்றிச் சுற்றிப் பறந்து, போய்விட்டன. அந்தச் சின்னது மட்டும் போகவில்லை. கிளையின் அடிப்பாகத்தில் ஒட்டிக்கொண்டு இருந்தது. அவன் அதன் பக்கத்திலேயே நின்றான். அதற்கும் அவனுக்கும் செய்ய எதுவும் இல்லை.

பிறகு துணி சுற்றிய சட்டத்தை எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தான்.

"நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி" என்றான்.

"நாளைக்குக் கண்காட்சிடா."

"இந்தப் படம் போகாது."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு படம் சுவரில் ஏறுவதற்காக எத்தனை நாளை விழுங்கிக்கொண்டிருந்தேன். எத்தனை குருவிகளைத் துணியில் சுற்றிப் போட்டேன். இனி அந்த நாட்களும் வராது, குருவிகளும் வராது, படமும் ஏறாது.

அவன் சமையலறைக்குப் போய்ச் சூப் காய்ச்சிக் கொண்டுவந்தான். தண்ணீராகத்தான் இருந்தது, உப்பும் இல்லை. என் எதிரில் வைத்துவிட்டு உட்கார்ந்தான். கேமரா மெஷின்மேல் கிடந்தது. ஒரு கரண்டி வாயில் விட்டேன். தொண்டையில் நின்றது. கழுத்தை நீட்டினேன். வாயோரமாகக் கொஞ்சம் வழிந்தது. எழுந்து ஓடிவிடுவான் என்று நினைத்தேன். அவன் ஓடவில்லை, என் மிச்சத்துணி ஒன்றால் வழிந்ததைத் துடைத்தான்.

"இறங்கிச்சா?"

"ம்."

"பொய் சொல்லாதே" என்றான். "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."