வாயாடி கடித்த கை

வாயாடி என்ற குதிரையை அன்று மாலை ஊசி போட்டுக் கொல்வதென்று முடிவாகிவிட்டது. முடிவெடுத்தவர் அத்தான். கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு, மறு கையில் காப்பிக் கோப்பையுடன் லாயத்து வாசலில் நின்று, ஏதோ பழைய சோபாவைத் தூக்கிப் போடச் சொல்வதுபோல அதைச் சொன்னார்.

"சாயந்திரம் டாக்டர் வருவாங்க. அதுவரைக்கும் யாரும் அதுகிட்ட போகாதீங்க. வெறி புடிச்சிருக்கு அதுக்கு."

அவருடைய மச்சினி வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பும், எந்த வேலியைக் கண்டாலும் அதன் மேல் ஏறி உட்காரும் பழக்கமுமாகச் சின்ன வயதிலேயே அவளுக்குக் குருவி என்று பெயர் விழுந்துவிட்டது. அவளும் குதிரையேறுகிறவள்தான். ஆனால் போட்டிகளில் அக்கா வாங்கிய கோப்பைகளைத் துடைத்து வைத்ததைத் தவிர, கோப்பையோடு அவளுக்குப் பெரிய சம்பந்தம் கிடையாது.

"அத்தான், வாயாடி இதுவரைக்கும் யாரையும் கடிச்சதில்ல."

"இதோ கடிச்சிருக்கே! இது என்ன, கொசுக்கடியா?"

"பயத்துல..."

"உங்க அக்கா இடுப்பெலும்பு உடைஞ்சு படுத்திருக்கா. நீ குதிரைக்கு வக்காலத்து வாங்குற. நல்ல குடும்பம்!"

சுருக்கென்றது குருவிக்கு.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நேற்றுக் காலை, தடை தாண்டும் போட்டிக்கு முன்னால், பயிற்சித் திடலில் அக்கா வாயாடியை ஓட்டிக்கொண்டிருந்தாள். முதல் கட்டையைத் தாண்டும்போது குதிரையின் முன்கால் லேசாக உரசியது. தினமும் உரசுவதுதான். ஆனால் நேற்று வாயாடி அலறியது. அடுத்த கட்டைக்கு முன்னால் ஆணி அடித்ததுபோல நின்றுவிட்டது. அக்கா அதன் கழுத்தைத் தாண்டிப் போய்க் கட்டையின் மேலேயே விழுந்தாள். பிடிக்க ஓடிய அத்தானின் முன்கையில், கையுறைக்குச் சற்று மேலே, வாயாடி பல்லைப் பதித்தது. கண்ணாடி மாடத்தில் குளிர்பானம் உறிஞ்சிக்கொண்டிருந்த பணக்காரக் கூட்டம் முழுக்க அதைப் பார்த்தது. சாட்சிக்கா பஞ்சம்?

அத்தான் காரில் ஏறிக் குதிரையேற்றச் சங்கத்து அலுவலகத்துக்குப் போனார். ஓட்டியவருக்குப் பலத்த அடிபட்டால் சங்கம் விசாரணை நடத்தும். நாளைக்கு அந்த விசாரணை. விசாரணைக்கு முன்னால் குதிரையைக் கொல்ல இவருக்கு என்ன இத்தனை அவசரம் என்று குருவிக்குத் தோன்றியது. உடனே, இது நியாயமான சந்தேகமா, இல்லை குதிரையை விட மனசில்லாமல் நான் தேடிப் பிடிக்கிற சாக்கா என்றும் தோன்றியது. அவளுக்கு எப்போதும் இப்படித்தான். எது தோன்றினாலும் பின்னாலேயே இன்னொன்று தோன்றும்.

எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டருக்குப் போன் போட்டாள். அந்தச் சங்கத்துக் குதிரைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் அம்மாள் அவர். கண்டிப்பானவர்.

"குதிரை உங்க அக்கா பேர்ல இருக்கு. அவங்க மயக்க மருந்துல இருக்காங்க. புருஷன் சொல்றார், ஊரே பாத்திருக்கு. நான் மாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு காரணம் வேணும், குருவி. பாசம் காரணம் ஆகாது."

லாயத்தின் மேற்பார்வையாளர் இதை ஒட்டுக்கேட்டார். மறைக்கவும் இல்லை. அவருக்கு மீசை என்று பெயர். பார்த்தாலே ஏன் என்று தெரியும்.

"காரணத்தை வாயாடிகிட்டயே கேளுங்க, சின்னம்மா. அதுதான் ஓயாம பேசுமே."

அது உண்மை. வருகிறவர் போகிறவர் எல்லாரையும் பார்த்துக் கனைத்துக் கனைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது. இப்போதும் அடைப்புக்குள்ளிருந்து தலையை நீட்டிக் குருவியிடம் ஏதோ முறையிட்டுக்கொண்டிருந்தது.

"ஏறி ஓட்டப் போறேன்," என்றாள் குருவி. "நீங்க போன்ல படம் எடுங்க. சாதுவா ஓடுதுன்னு காட்டினா, அது ஒரு காரணம்தானே?"

"கீழே தள்ளிட்டா?"

"அதையும் எடுங்க."

சேணம் பூட்டினாள். அவளுடைய கையுறை அக்காவின் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. சேண அறை ஜன்னலில், நேற்றைய அவசரத்தில் அத்தான் போட்டுவிட்டுப் போன கறுப்புத் தோல் கையுறை கிடந்தது. கொஞ்சம் பெரிது. மாட்டிக்கொண்டாள்.

திடலில் வாயாடி சொன்ன பேச்சைக் கேட்டது. நட என்றால் நடந்தது, ஓடு என்றால் ஓடியது. முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையை வைக்கச் சொல்லித் தாண்டவிட்டாள். அதற்கு வாயாடி ஆள் உயரத்துக்கு எழும்பியது. தரையில் இறங்கியபோது உடம்பெல்லாம் நடுங்கியது. குருவி கழுத்தைத் தட்டிக்கொடுத்து, போதும் என்று இறங்கினாள். வழக்கம்போல ஒரு கேரட்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

காதுகள் பின்னால் மடங்கின. பல் தெரிந்தது. குருவி கையை இழுத்துக்கொண்டு மல்லாக்க விழுந்தாள். விரல் நூலிழையில் தப்பியது, பல் காற்றைக் கடித்தது.

மீசை போனை மெதுவாகத் தாழ்த்தினார். "இதை டாக்டருக்குக் காட்ட வேண்டாம், சின்னம்மா."

மணலில் உட்கார்ந்தபடியே குருவி அழுதுவிட்டாள். ஆக, அத்தான் சொன்னதுதான் சரி. எல்லாருக்கும் தெரிந்தது தனக்கு மட்டும் தெரியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

அடுத்த நொடி வீல் என்று கத்தினாள்.

"எங்க உதைச்சுது? எங்க?" என்று மீசை ஓடி வந்தார்.

"கண்ணு! கண்ணு எரியுது! தண்ணி!"

வாளியில் முகத்தை முக்கி முக்கி எடுத்தாள். மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்ததுபோல எரிச்சல். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஒரு கண் வீங்கி மூடியிருக்க, மற்றொரு கண்ணால் அந்தக் கையுறையை அவள் பார்த்தாள். கழற்றி ஓரமாக வைத்தாள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். வெறுங்கையில் ஒரு கேரட்டை எடுத்து வாயாடியின் முன்னால் போய் நின்றாள்.

"வேணாம், சின்னம்மா. ஒரு தடவை பட்டது பத்தாதா?"

வாயாடி உதட்டாலேயே கேரட்டை அலுங்காமல் எடுத்துக்கொண்டது. இன்னும் உண்டா என்று கேட்டது.

"இப்ப நீங்க. கழுவுறதுக்கு வெச்சிருக்கிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கிட்டுக் குடுங்க."

"என் விரலு உங்களுக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?" என்று முணுமுணுத்தாலும் மீசை மாட்டிக்கொண்டு நீட்டினார். காது மடங்கியது. அவர் துள்ளிப் பின்வாங்கினார்.

கோபம் ஆள் மேல் இல்லை, கையுறை மேல். குருவி குனிந்து வாயாடியின் முன்காலில், அடிபடாமலிருக்கப் பட்டை கட்டுகிற இடத்தை விரலால் அழுத்தித் தேய்த்தாள். குதிரை காலை வெடுக்கென்று இழுத்தது. ரோமத்துக்கு அடியில் தோல் சிவந்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய விரலை நாக்கு நுனியில் வைத்தாள்.

காரம்.

அப்படி ஒரு மோசடி உண்டென்று அவள் கேள்விப்பட்டிருக்கிறாள். மூட்டுவலிக்கு மனிதர்கள் பூசும் காரக் களிம்பைக் குதிரையின் முன்காலில் தடவி, மேலே பட்டையைக் கட்டிவிடுவார்கள். தோல் புண்ணாக எரியும். கட்டையில் லேசாகப் பட்டாலும் உயிர் போகும். அந்தப் பயத்தில் குதிரை காலைத் தூக்கித் தூக்கித் தாண்டும், கட்டை விழாது, கோப்பை கிடைக்கும். நேற்று அளவு மிஞ்சிப்போயிருக்கிறது.

கையுறைக்கும் காரணம் இருந்தது. குதிரையோடு வாழ்கிறவர்களுக்குக் கை தானாகச் செய்யும் ஒரு வேலை உண்டு. குதிரை காலைக் காட்டிப் பொறுமையாக நின்றால், அடுத்த நொடியே அதன் வாயில் ஒரு துண்டு தீனி வைப்பார்கள். யோசித்துச் செய்வதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல அது நடந்துவிடும். அத்தான் கை எரியக்கூடாதென்று உறை போட்டுக் களிம்பைத் தடவியிருக்கிறார். தடவிய கையாலேயே தீனியும் கொடுத்திருக்கிறார். உறை போட்ட கை வாயருகே வந்தாலே கால் எரியும் என்று வாயாடியின் மனசில் பதிந்துவிட்டது.

"அடப்பாவி," என்றார் மீசை. வேறு யாரையும் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை.

குருவி மறுபடி டாக்டருக்குப் போன் போட்டாள். இந்த முறை அவர் முழுதாகக் கேட்டார். "காலுலேருந்து சோதனைக்கு மாதிரி எடுத்துட்டா, முடிவு வர்ற வரைக்கும் யாரும் அந்தக் குதிரையைத் தொட முடியாது. ஆனா எடுக்கச் சொல்லி உங்க அக்கா சொல்லணும், இல்லேன்னா புருஷன் சொன்னதைத்தான் நான் செய்யணும். இன்னொண்ணும் கேட்டுக்க. மருந்து இருக்குன்னு வந்தா, முதல் தண்டனை ஓட்டினவங்களுக்குத்தான். தெரிஞ்சு செஞ்சாங்களா தெரியாமலான்னு சங்கம் பாக்காது. அதையும் அவங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் கேக்கணும்."

குருவி கையுறையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிந்துகொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தும்போது போன் அடித்தது.

"ஜன்னல்ல இருந்த என் கையுறை எங்க?" அத்தானின் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"என்கிட்ட இருக்கு."

"கொண்டு வந்து வெச்சிட்டு வீட்டுக்குப் போயிடு, குருவி. இந்த ஊர்ல எந்த லாயத்துலயும் என்னை மீறி உனக்குக் குதிரை கிடைக்காது. நடந்தே பழகிக்க வேண்டியதுதான். டாக்டரை இப்பவே வரச் சொல்லிட்டேன்."

குருவி போனை வைத்துவிட்டு உள்ளே நடந்தாள். நாக்கில் பட்டது காரம்தானா? கண் எரிந்த பயத்தில் எல்லாமே காரமாகத் தெரிந்திருக்குமோ? மாடிப்படியில் நின்று பையின் முடிச்சைத் தளர்த்தி மோந்து பார்த்தாள். தும்மல் வந்தது. மேலே ஏறினாள்.

அக்கா விழித்திருந்தாள். முகம் காகிதமாக வெளுத்திருந்தது. "வாயாடி எப்படி இருக்கான்?" என்பதுதான் அவள் கேட்ட முதல் கேள்வி. அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

குருவி சொன்னாள். ஊசியை, கையுறையை, காலை, களிம்பை. கடைசியாகத் தண்டனையை. "நீ மாதிரி எடுக்கச் சொன்னா உனக்கும் தடை விழும், அக்கா. எத்தனை வருஷம்னு தெரியல."

அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். "ஒரு மாசமா அவன் பறந்தான்டி. நான் குடுத்த பயிற்சின்னு பெருமைப்பட்டுக்கிட்டிருந்தேன்." பிறகு கையை நீட்டினாள். "போனைக் குடு."

அத்தான் உடனே எடுத்தார். பின்னணியில் வாயாடியின் கனைப்புக் கேட்டது.

"என்னங்க, அவன் காலுல என்ன தடவினீங்க?"

"யாரு, குருவி வந்து ஓதினாளா? அவளுக்கு உன் மேல எப்பவுமே..."

"நான் உங்களைக் கேட்டேன்."

"எல்லாரும் பண்றதுதான். உனக்கு அணியில இடம் கிடைக்கணும்னுதானே செஞ்சேன்? எனக்கா?"

"அப்ப போன மாசம் ஜெயிச்சது நானா, களிம்பா?"

"இப்ப அதுவா பெருசு? யோசிச்சுப் பாரு. இது வெளியே வந்தா நான் மட்டும் போகமாட்டேன், நீயும் போவ. ஒரு குதிரைதானே! வேற வாங்கிக்கலாம்."

"போனை டாக்டர்கிட்ட குடுங்க."

தொடர்பு அறுந்தது. மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. குருவி மீசையின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது அவர் யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"அடைப்புச் சாவியை இங்கதான் டாக்டரம்மா வெச்சேன். கால் முளைச்சுப் போயிடுச்சா என்னன்னு தெரியல..."

"மீசை, ஸ்பீக்கர்ல போடுங்க!"

அக்கா முழங்கையை ஊன்றி எழப் பார்த்தாள். வலி முகத்தைக் கோணவைத்தது. குருவி தாங்கிப் பிடித்தாள்.

"டாக்டர், குதிரை என்னோடது. ஊசி வேணாம். மாதிரி எடுங்க. முன்கால் ரெண்டுலயும்."

"ஏம்மா, அதனால உங்களுக்கு என்ன ஆகும்னு..."

"தெரியும். தங்கச்சி எல்லாம் சொன்னா."

"இது போதும் எனக்கு. ஊசிப் பெட்டியைக் கார்லயே வெச்சிட்டு வந்துடறேன்," என்றார் டாக்டர்.

அத்தான் என்னவோ கத்துவது கேட்டது. மீசையின் குரல் மிக மரியாதையாகச் சொன்னது: "சார், தள்ளி நில்லுங்க. குதிரை கடிக்கும்."

அக்கா போனைக் கீழே விட்டாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, "நர்ஸைக் கூப்பிடு. ரொம்ப வலிக்குது," என்றாள். குருவி மணியை அழுத்தினாள். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலியோடு ஒரு நொடி சிரித்துவிட்டு அக்கா கையை விடுவித்துக்கொண்டாள்.

"இங்க நின்னு என்ன பண்ணப் போற? போ. டாக்டர் மாதிரியை எடுத்து முத்திரை வைக்கிற வரைக்கும் பக்கத்துலயே நில்லு. நாளைக்கு விசாரணையில நீதான் பேசணும்."

"நானா? எனக்கு வார்த்தையே வராதே, அக்கா."

"எங்கிட்ட இப்பச் சொன்னியே, அதே மாதிரி ஒண்ணொண்ணா சொல்லு. போதும்."

"அத்தான் தடுக்க வந்தா?"

"போலீஸைக் கூப்பிடு."

"அத்தானையா?"

"வேற எத்தனை பேரு தடவினாங்க? நான் சொன்னேன்னு சொல்லு, போ."

வாசலில் நர்ஸ் வந்துகொண்டிருந்தாள். குருவி அவளுக்கு வழிவிட்டு, கையுறைப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, லிப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினாள்.