நுரை அடங்கும் வரை

வார்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சாப்பாட்டைக்கூட நின்றபடியே, பாதி மேசையிலும் பாதி நடையிலுமாக முடிப்பாள். பச்சைக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்படி ஒரு நர்ஸ் கிடைத்ததில் டாக்டருக்குக் கொள்ளை நிம்மதி. கூப்பிட வாயெடுக்கும் முன்பே எதிரே நிற்பாள்.

ஆனால் அன்று கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது அவள் அக்கா மகள். மாதம் நிறையுமுன்னே அவசரப்பட்டு வந்துவிட்டது. சித்தி மாதிரியே பறக்கிறது என்று பிரசவ அறையில் யாரோ சொன்னதற்கு அவளும் சிரித்தாள். இப்போது சிரிப்பு எங்கே வரும்? ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு தெரிய நெஞ்சு குழிவிழுந்தது.

குறை என்னவென்று அவளுக்குத் தெரியும். கொழுப்புதான். ஊரே வேண்டாம் வேண்டாம் என்று விரட்டுகிற கொழுப்பில் ஒரு வகை, நுரையீரலின் குட்டிக் குட்டிக் காற்றறைகளுக்குள் பூசியிருக்க வேண்டும். அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் என்றால் உயிர். வால்களுக்கோ தண்ணீரே ஆகாது. அதனால் தலை ஈரத்தில் புதைய, வால்கள் காற்றுப் பக்கம் நீட்டிக்கொள்ள, வரிசையாக நிற்கும். அந்த வரிசை இருந்தால் மூச்சை விட்ட பிறகும் அறைகள் திறந்திருக்கும். இல்லாவிட்டால் ஈரமான பிளாஸ்டிக் பை போல ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு மூச்சுக்கும் அவற்றைப் பிரித்தெடுக்க அந்தப் பிஞ்சு போராட வேண்டும்.

அதையே மருந்தாகக் குப்பியில் அடைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார்கள். அன்று இருந்தது ஒன்றே ஒன்று. உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி, மெல்லச் சாய்த்துக் கலக்க வேண்டும், குலுக்கவே கூடாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தருவதே அவள்தான். ஆனால் நாள் முழுக்கப் பொடி மருந்தில் தண்ணீர் விட்டுக் குலுக்கிப் பழகிய கை, பதற்றத்தில் அவள் பேச்சைக் கேட்கவில்லை. குலுக்கிவிட்டது. குப்பியின் கழுத்துவரை வெள்ளை நுரை.

மறைக்கத் தோன்றவில்லை, நேராக டாக்டரிடம் நீட்டினாள். டாக்டர் கத்தவில்லை. நுரையோடு இழுத்தால் அளவு தப்பும், அடங்கட்டும், அதுவரை மூக்குக் குழாயில் போகும் காற்று தாங்கும் என்றார்.

"உக்காரு. கை ஆடக் கூடாது."

குப்பியை உள்ளங்கைகளில் ஏந்தி உட்கார்ந்தாள். உடம்பு மொத்தமும் எழுந்து ஓடு என்றது. கால் தானாக ஆடத் தொடங்கியது; முட்டியோடு முட்டியை இறுக்கி அடக்கினாள். உனக்கென்னடி அவ்வளவு அவசரம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பெட்டிப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. குமிழிகள் உடைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாசலில் அக்கா கண்ணில் முதலில் பட்டது குழந்தை அல்ல, தங்கை. பிறந்ததிலிருந்து ஓரிடத்தில் இருந்தறியாதவள், கைகளைக் குவித்து, தலை குனிந்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் முகம் வெளுத்துப்போனது.

"போயிடுச்சா?"

"இல்லக்கா, இருக்கா." எழப்போனவள் எழாமலே சொன்னாள். "மருந்தக் குலுக்கிட்டேன். நுரை அடங்கணும், அதான் அசையாம இருக்கேன்."

அக்கா நாற்காலியை அருகே தள்ளச் சொல்லி, தங்கையின் கைகளைக் குப்பியோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள்.

நுரை அடங்கியது. டாக்டர் மெல்லிய குழாய் வழியே மருந்தைச் செலுத்தினார். கொஞ்ச நேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு அந்தச் சின்ன நெஞ்சு, குழிவிழாமல் ஒருமுறை உயர்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.

அடுத்த குழந்தையைப் பார்க்க டாக்டர் பம்பரத்தைக் கூப்பிட்டார். அன்று முதல்முறையாக, அவளை இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.