உச்சி வீட்டுக்கு நான் கொடுத்த விலை

ஓணான்கரட்டில் வாடகை வீடுகள் வாரம் ஒரு படி கீழே இறங்கும். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கும். சத்தம் வராது. சுவரில் மாட்டிய படங்கள் மட்டும் கொஞ்சம் சாயும்.

நாங்கள் குடிவந்தபோது எங்கள் வீடு இருநூற்றுப் பன்னிரண்டாம் படியில் இருந்தது. நல்ல காற்று. இப்போது முதல் படியில் இருக்கிறோம். அதற்குக் கீழே பைபாஸ் ரோடு.

ரோட்டுக்கு வந்துவிட்டவர்கள் மைல்கல் ஆகிவிடுவார்கள். வாடகை ஒப்பந்தத்தில் ஏழாவது ஷரத்து அது. பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு சார் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் ஆனார். தபால் ஆபீஸ்காரர். இப்போது நெஞ்சில் ‘மதுரை 61’ என்று எழுதியிருக்கிறது. பூஜையன்று சாலைப் பணியாளர்கள் அவருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார்கள். ஆபீஸில் அவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை.

என் மனைவி ராஜகனி ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தபடி கேட்டாள்.

“எனக்கு எந்த ஊரு போடுவாங்க?”

“தெரியலை.”

“சாத்தூர்னு போட்டுட்டா அசிங்கம். உங்க அக்கா ஊரு. காலம் பூரா அவ பேரச் சொல்லிக்கிட்டு நிக்க முடியாது. திங்கக்கிழமைக்குள்ள சொந்த வீடு பாருங்க.”

அன்று வியாழக்கிழமை. சொந்த வீடுகள் இறங்குவதில்லை. நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மல்லி மண்டி. துண்டில்லாமல் நாங்கள் விலை பேசுவதில்லை.

தரகர் தங்கப்பழம் என்னை உச்சிக்குக் கூட்டிப்போனார். ஏற ஏறப் படிகள் கூடின. முந்நூறாவது படியில் இருந்தவர் எங்களிடம் இது நூற்றிருபது என்றார். தங்கப்பழம் அவரிடம் தகராறு செய்யவில்லை.

“மேட்டுல இருக்கவுக அப்படித்தான் பேசுவாக,” என்றார்.

உச்சி வீட்டுக்காரர் வெயிலுமுத்து அண்ணாச்சி. வீடு விசாலமாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் சூரியன் உதித்தது. காபி வந்ததும் மறுபடி உதித்தது.

“எத்தனை காலை அண்ணாச்சி வச்சிருக்கீக?” என்றேன்.

“அஞ்சு. ஒண்ணு நான் பிறந்தப்பவே எனக்கு உள்ளது. நாலு வாங்கினது. ரெண்டு வாத்தியாரு, ஒரு நர்ஸு, ஒரு பஸ் கண்டக்டர்.”

அவர் வீட்டைப் பணத்துக்கு விற்பதில்லை. நேரத்துக்குத்தான் விற்பார். நான் என் நாளிலிருந்து சில மணி நேரத்தை நிரந்தரமாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் எனக்கு வராது. அவருக்குப் போய்விடும்.

சுவரைப் பார்த்தேன். ஒரு ஆணி இருந்தது. ஆணியில் கேலண்டர் இல்லை.

“கேலண்டர் வைக்கலையா அண்ணாச்சி?”

“எனக்கு எதுக்கு? அடுத்தவன் நேரத்துல இருக்கவனுக்குத் தேதி ஏது, கிழமை ஏது?”

எனக்கு உள்ளே குளிர்ந்தது. முகத்தில் காட்டவில்லை. காபி சுமார்தான் என்பது போல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

துண்டை விரித்தேன். அவர் கையும் என் கையும் துண்டுக்கு அடியில் போயின. வெளியே யாருக்கும் தெரியாமல் விரல் பிடித்து விலை சொல்வது எங்கள் பழக்கம். அவர் ஒன்பது விரல் காட்டினார். ஒரே கையில். மண்டியில் வளர்ந்தவன் இதற்கெல்லாம் அதிரக்கூடாது. நான் அவருடைய ஒற்றை விரலைப் பிடித்து அமுக்கினேன்.

“ஒரு நாளைக்கு ஒம்பது மணி நேரம் கேட்டா ஒரு மணி நேரங்கிறீகளே! கேலி பண்றீகளா?”

“கேலியில்ல அண்ணாச்சி. சுவரு ஓதமா இருக்கு.”

“உச்சியில எங்கய்யா ஓதம்?”

“மேகம் உரசுதுல்ல.”

அவர் சுவரைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடம் ஈரமானது. ஏழு விரலுக்கு வந்தார். நான் எழுந்து செருப்பைப் போட்டேன். ஐந்து என்றார். வாசல் வரை போனேன். வாசல் வரை போக அரை மணி நேரம் ஆனது. அதற்குள் மூன்றுக்கு வந்துவிட்டார். சூரியன் மூன்றாம் தடவை உதித்தது.

“ஒன்றரை மணி நேரம். நித்தமும். கடைசி விலை,” என்றேன். “ஆனா எந்த நேரம்னு நான் சொல்லுவேன்.”

“சொல்லும்.”

“திங்கள் ஏழரை டு ஒம்பது. செவ்வாய் மூணு டு நாலரை. புதன் பன்னெண்டு டு ஒன்றரை. வியாழன் ஒன்றரை டு மூணு. வெள்ளி பத்தரை டு பன்னெண்டு. சனி ஒம்பது டு பத்தரை. ஞாயிறு நாலரை டு ஆறு.”

தங்கப்பழம் இருமினார். அவர் கால்மேல் என் காலை வைத்து அழுத்தினேன்.

வெயிலுமுத்து அண்ணாச்சி கிழமைகளை விரல் விட்டு எண்ணினார். “அதுல திங்கக்கிழமை காலை ஒண்ணு வருதுல்ல?”

“மனசில்லாமத்தான் தர்றேன்.”

“முடிஞ்சது,” என்றார்.

வெளியே வந்ததும் தங்கப்பழம் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். “அண்ணாச்சி, அம்புட்டும் ராகு காலம்.”

“எங்க வீட்டுல அந்த நேரத்துல பல்லுகூட விளக்க மாட்டோம்,” என்றேன். தரகாக என்னிடம் ஒரு தும்மல் வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குப் பத்திர ஆபீஸ். கவுண்ட்டரில் இருந்த அம்மா வீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

“வீட்டுக்கு சர்வே நம்பர் இருக்கு. நீங்க இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“வாய்ல சொன்னா செல்லாது. உங்களுக்கு வில்லங்கச் சான்று வேணும். முப்பது வருஷமா உங்க மேல யாருக்கும் பாத்தியதை இல்லைன்னு.”

ராஜகனி முன்னால் வந்தாள். “வில்லங்கம் நான்தான். எங்க கையெழுத்துப் போடணும்?”

மூன்று இடத்தில் போட்டாள். பெருவிரல் ரேகையும் வைத்தாள். நான் இருக்கிறேன் என்று முத்திரை விழுந்தது.

பத்தரைக்கு உச்சி வீட்டு நாற்காலியில் டீயோடு உட்கார்ந்தேன். உடனே பன்னிரண்டு. டீ ஆறியிருந்தது. அதுதான் விலை. ஆறிய டீயைக் குடித்தேன். அதைப் போல் ருசியான டீயை நான் குடித்ததில்லை.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு நானும் ராஜகனியும் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படம் சாயவில்லை. கீழே எல்லா வாடகை வீடுகளும் ஒரு படி இறங்கின. கொடியில் ஈரத்துணிகளும் இறங்கின. ஒருவர் ஷேவ் செய்தபடியே இறங்கினார். எங்களைப் பார்த்துக் கை ஆட்டினார். நாங்களும் ஆட்டினோம்.

மூன்று வாரம் கழித்து வெயிலுமுத்து அண்ணாச்சி வந்தார். இளைத்திருந்தார்.

“உம்ம நேரத்துல ஒண்ணும் வெளங்கலய்யா. புது வீட்டுல பால் காய்ச்சினேன். மூணு வாரமா அடுப்புல இருக்கு. பொங்க மாட்டேங்குது. சந்தைக்குக் கிளம்பினா எதிர்ல நானே திரும்பி வர்றேன். வீடு உமக்கே இருக்கட்டும். உம்ம நேரத்த எடுத்துக்கிடும்.”

“வித்த சரக்கு அண்ணாச்சி. எங்க மண்டியில வாபஸ் கிடையாது.”

“சும்மா எடுத்துக்கிடுமய்யா.”

“சும்மா எடுக்க எனக்கு என்ன கிறுக்கா? கூட என்ன தர்றீக?”

துண்டை விரித்தேன். துண்டுக்கடியில் இந்தத் தடவை அவருக்கு விரலே இல்லை. வெறும் உள்ளங்கை. என்ன வேண்டுமானாலும் கேள் என்று அர்த்தம்.

இரண்டு காலை கேட்டேன். தந்தார். ராகு காலத்தை மடித்துப் பரணில் போட்டேன். வைக்க இடம் இருந்தது. சொந்த வீடு.

ஒரு காலை ராஜகனிக்கு. அதை அவள் படுத்தே கழிக்கிறாள். இன்னொன்றை நான் பைபாஸுக்கு எடுத்துப்போய்ச் சாமிக்கண்ணு சார் தலையில் வைத்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

“தபால் ஏதும் வந்துச்சா?” என்றார்.

“மேல வாங்க சார். எங்க மாடி காலியா இருக்கு.”

“வாடகை?”

“விருந்தாளிக்கு வாடகை கிடையாது.”

படியேறி வந்தார். வாசலில் நின்றபோது பார்த்தேன். நெஞ்சில் ‘மதுரை 62’ என்று மாறியிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை ஆறு மணிக்குச் சுவரில் இருந்த படம் சாய்ந்தது. எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது. ஜன்னலைத் திறந்தேன். வீடு ஒரு படி ஏறியிருந்தது. உச்சிக்கு மேலே படி கிடையாது. வீடு அதைப் பொருட்படுத்தவில்லை.

“மெதுவா ஏறச் சொல்லுங்க,” என்று ராஜகனி கொல்லையிலிருந்து கத்தினாள். “துணி காயப் போட்டிருக்கேன்.”

சொன்னேன். மெதுவாக ஏறியது.