தொங்குபாலத்தில் திரை கறுக்கிறது

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு பொத்தானை அழுத்தினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

என் மடிக்கணினி பழுதாகிக் கிடந்ததால், அண்ணி வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவருடைய கணினியில் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வாக்கியம் வராமல் உட்கார்ந்திருந்தபோது (எங்களைப் போன்றவர்கள் வம்பில் மாட்டுவதே இந்த மாதிரி நேரத்தில்தான்) அண்ணன் எப்போதோ ஏற்றிவைத்த ஒரு செயலி கண்ணில் பட்டது. கிராபிக்ஸ் கார்டின்* வேகத்தைக் கூட்டவா என்று கேட்டது. கூட்டேன், எனக்கென்ன என்று அழுத்தினேன்.

கார்டுக்கு வயது ஒன்பது.

(* படத்தை வரைந்து திரைக்கு அனுப்பும் பலகை. அது மூச்சுவிட இரண்டு சின்ன மின்விசிறிகள். இதற்கு மேல் எனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் அழுத்தியிருப்பேனா?)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "கணவனைப் பிரிந்திருந்த அவள், கறுத்த திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தபடி, கண்ணீர்"

அண்ணி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"யாரு இவ?"

"நீங்கதான் அண்ணி."

"நான் எங்க முகத்தைப் பாத்துட்டு இருந்தேன்? ஸ்க்ரூடிரைவரைத் தேடிட்டு இருந்தேன்."

உண்மைதான். மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே அந்தரத்தில் விட்டுவிடுகிறேன். நடந்ததைச் சொல்கிறேன்.

3

சனிக்கிழமை மதியம் மூன்று மணி. அண்ணன் சரக்குக் கப்பலில் எஞ்சின் மெக்கானிக். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதுதான் அவனுக்கு ஒழுங்கான இணையம் கிடைக்கும். அன்று ஐந்து மணி வரை. அதற்குப் பிறகு பத்து வாரம் கடல்.

அவனும் அண்ணியும் ஆறு மாதமாக ஒரு கேம் விளையாடுகிறார்கள். இருவர் ஒரே கயிற்றில் கட்டிக்கொண்டு பனிமலை ஏறவேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவரும் விழுவார். துறைமுகம் துறைமுகமாக ஏறி, உச்சிக்குக் கீழே ஒரு தொங்குபாலம் வரை வந்துவிட்டார்கள். பாலத்தில் பனிப்புயல் வீசும். புயல் தொடங்கியதும் அண்ணியின் திரை கறுத்துவிடும், கேம் மூடிக்கொள்ளும், இருவரும் கீழே கூடாரத்தில் போய் விழுவார்கள். போன வாரம் நின்ற துறைமுகத்தில் நான்கு முறை விழுந்தார்கள்.

அன்று மூன்று பத்துக்கு ஐந்தாவது முறை.

"கேப்டன், போயிட்டியா?" என்று ஒலிபெருக்கியில் அண்ணன் கத்தினான். விளையாட்டில் அண்ணிதான் முன்னால் ஏறுவார். அதனால் அந்தப் பட்டம்.

"போயிட்டேன். இரு, வரேன்."

"பேசாம புது கார்டு வாங்கிடு."

"வாங்கலாம். அஞ்சு மணிக்குள்ள யாரு கொண்டுவந்து தருவா, நீயா?"

4

அண்ணன் பாத்திரம் எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் உட்கார்ந்து யோசனை சொல்லும் ஆளை வாசகருக்குப் பிடிக்குமா? ஆனால் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் அவன் அலுத்துக்கொள்ளாமல் கூடாரத்து வாசலில் போய் நின்றான். திரையில் அவனுடைய சிவப்புச் சட்டை உருவம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அதனால் அவனை வைத்துக்கொள்கிறேன்.

அண்ணியை உருவாக்க நான் சிரமப்படவே வேண்டியதில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். நாள் முழுக்க வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தேவலாமா, முன்னாடி தேவலாமா?" என்று கேட்பவர். கணினியையும் அப்படித்தான் நோயாளியாக உட்காரவைத்தார்.

"ஒண்ணொண்ணாத்தான் மாத்தணும். ரெண்டைச் சேர்த்து மாத்தினா எதனால சரியாச்சுன்னே தெரியாது."

முதலில் டிரைவர். அதுதான் கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் பேசும் மென்பொருள். அதன் பழைய பதிப்பை ஏற்றினார். ஏறினார்கள். புயல். கறுப்பு.

அடுத்தது தூசி. பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினார். ஒன்பது வருடத் தூசி அண்ணியின் மூக்கில் ஏறி, பதினோரு தும்மல். (எண்ணினேன். குற்றமுள்ளவர்கள் இப்படித்தான் எதையாவது எண்ணிக்கொண்டிருப்பார்கள்.) ஏறினார்கள். கறுப்பு.

அதற்கடுத்து சூடு. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றி, மேசை விசிறியை நேராக வைத்தார். எண்பத்தெட்டு டிகிரியில் இருந்த சூடு அறுபத்தொன்பதுக்கு இறங்கியது. அண்ணி குதித்தார், நானும் குதித்தேன். என் பொத்தான் தப்பித்தது!

புயல். கறுப்பு.

மணி நாலு பத்து.

5

இந்த இடத்தில் என்னைப் பற்றி நல்லவிதமாக எழுத மூன்று முறை முயன்றேன். "மனசாட்சி உறுத்த, அவள் நிமிர்ந்து" என்று ஒன்று. "உண்மையின் ஒளி" என்று இன்னொன்று. மூன்றாவதை உங்களிடம் காட்டவே மாட்டேன்.

நடந்தது இதுதான். ஒலிபெருக்கியில் அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "பரவால்ல விடு. பத்து வாரம்தானே. வந்து ஏறிக்கலாம்."

அண்ணி பிரஷ்ஷைக் கீழே வைத்தார். மூக்கு சிவந்திருந்தது, அது தூசியால்தான் என்று நினைக்க ரொம்ப முயன்றேன்.

"அண்ணி, நான் ஒண்ணு பண்ணிட்டேன்."

சொன்னேன். ஒரே மூச்சில், பொத்தான், வேகம், எல்லாம். ஒலிபெருக்கியில் அண்ணன், "அடிப்பாவி!" என்றான்.

அண்ணி என்னை முழுசாக ஒரு பார்வை பார்த்தார்.

"எப்ப?"

"பத்து நாள் ஆச்சு."

"மூணு மணிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நான் இவ்வளவு தூசி தின்னிருக்க மாட்டேன்ல?" நாற்காலியைத் தள்ளிவிட்டார். "உக்காரு. அதைத் திற. எங்க அழுத்தின, காட்டு."

6

கூட்டிய வேகத்தை எடுத்தோம். ஏறினார்கள். புயல் வந்தது. திரை கறுக்கவில்லை! பாதிப் பாலம் தாண்டினார்கள், நான் கத்தினேன், அண்ணன் கத்தினான், அண்ணி மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு

கறுப்பு.

(அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அன்று முடியவில்லை, அதனால்.)

நாலு இருபத்தைந்து. நான் அழுதேவிடுவேன்போல இருந்தது. அண்ணி சிரித்தார். சத்தியமாகச் சிரித்தார்.

"பாதி வரைக்கும் வந்துச்சு பாத்தியா? அப்ப நோய் இதுதான். புதுசுல தாங்கின வேகத்தைக்கூட இப்ப தாங்கல. இன்னும் இறக்கு."

"அதுக்குக் கீழ இறக்கலாமா?"

"இறக்கிப் பாப்போம். ஒவ்வொரு படியா."

ஒரு படி இறக்கினேன். "இப்ப தேவலாமா?" என்று அண்ணி கணினியைக் கேட்டார். முக்கால் பாலம், கறுப்பு. இன்னும் ஒரு படி. நாலு நாற்பத்திரண்டு. படம் லேசாகத் திக்கியது, பனித்துகள் விட்டுவிட்டு விழுந்தது. யாரும் மூச்சுவிடவில்லை, கார்டு மட்டும் விட்டது. ஒரு பலகை, அடுத்த பலகை, அதற்கடுத்தது.

"கேப்டன், நான் தரையில நிக்கிறேன்," என்றான் அண்ணன். "தரை! பாலம் முடிஞ்சு போச்சு!"

நான் மேசையைக் குத்தினேன். அண்ணி சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கார்டு ஆடும்டி, லூசு!"

மேலே உச்சி தெரிந்தது. பதினெட்டு நிமிடம் மிச்சம்.

7

அப்போது அண்ணி காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு சொன்னார்: "நீ கொஞ்சம் வெளிய இரு."

"அண்ணி, நான் கதை எழுதணும்!"

"இதுவரைக்கும் எழுது. மேல போறது நாங்க ரெண்டு பேரு."

கதவு சாத்திக்கொண்டது. நடையில் நின்றேன். மேசை விசிறியின் சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முறை அண்ணி ஏதோ கத்தினார், சொல் புரியவில்லை.

பிறகு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் உச்சியில் கொடி நட்டார்கள். ஒன்றில் நாலு ஐம்பத்தொன்பதுக்குக் கப்பலின் இணையம் அறுந்தது. ஒன்றில் கார்டு புகைந்தது. அண்ணி மூன்றையும் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை இருக்கு," என்றார். எதில் என்று சொல்லவில்லை.

அதனால் நான் பார்த்ததை மட்டும் தருகிறேன். ஐந்து ஏழுக்குக் கதவு திறந்தது. அண்ணி நேராக அடுக்களைக்குப் போனார். நின்றபடியே ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார், எதுவும் தடவாமல் தின்றார். இன்னொன்று. மூன்றாவதை என்னிடம் நீட்டினார். "பசி, அப்படி ஒரு பசி," என்றார். நாலாவதைத் தின்னும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

மனிதர்கள் சாப்பிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏறியவர் சாப்பிடுகிறாரா, விழுந்தவர் சாப்பிடுகிறாரா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு வாயில் ரொட்டி.