மூன்றாவது ஓலை

இல்லை என்றுதானே சொன்னாள், ஒரே ஒரு பதில், அதற்கு ஏன் நாக்கு இப்படி வறண்டுபோகிறது... யுத்த இருட்டடிப்புக்காக ஜன்னலில் ஒட்டிய கறுப்புக் காகிதம்கூட இன்னும் உரிக்காத ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில், மடியில் மகன் தனசீலனை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் சேசம்மாள். ஆறு வயதுப் பிள்ளைக்குப் பால்பல் விழுந்தது, எந்தப் பிள்ளைக்குத்தான் விழாது, தாராவி முழுக்க விழுகிறது, இவனுக்கு மட்டும் மூன்றாம் நாளும் தலையணை சிவந்துகிடந்தது. ஈறில் அவள் அமுக்கிய காபித்தூளைப் பஞ்சால் வழித்துக்கொண்டே டாக்டரம்மா, மாட்டுங்கா ஐயர் வீட்டுக்காரி, கேட்டாள். "உங்க பொறந்தாத்துல யாருக்காவது இப்படி ரத்தம் நிக்காம இருந்திருக்கா? இது அம்மா வழியா வர்ற வியாதி." "ஒருத்தருக்கும் கெடயாதும்மா." அப்படியானால் காபித்தூள் வைக்க யாரிடம் படித்தாய், சேசம்மா? தம்பி மிக்கேல்ராஜ் வாயில் அம்மா அமுக்கி அமுக்கி, டப்பாவே காலியாகி, கடைசியில் அவனும்... காத்துக்கருப்பு அடித்துவிட்டது என்று ஊர் வாயை மூடினார்கள். இப்போது சொன்னால்? தங்கை லூசிக்கு மாதா கோயிலில் இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, வருகிற ஞாயிறு மூன்றாவது, அப்புறம் கல்யாணம். வாசலில் நிற்கும் புருஷன் காதில் விழுந்தால் போதும், மாப்பிள்ளை அவருடைய சித்தப்பா மகன்தானே, சாயங்காலத்துக்குள் சேதி போய்விடும், லூசி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

ஒப்பிட்டுப் பார்க்க அவள் ரத்தமும் எடுத்திருந்தார்கள். வெந்நீரில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள், டாக்டரம்மா எடுத்து எடுத்துச் சாய்த்துப் பார்க்கிறாள், மாதாவே, என் குழாய் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது... சாய்த்தாள். அசையவில்லை, ஆறிப்போன ஆட்டுக்கால் சூப்பு மாதிரி கெட்டியாக நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டவள் அடுத்ததைப் பார்த்தாள், பிள்ளையின் ரத்தம் தண்ணீராக ஓடியது, சீ, என்ன தாய் நான், எதற்கு மூச்சு விட்டேன்?

"உங்களுது நன்னா உறைஞ்சுடுத்து, ஆனா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. அம்மா உடம்புல காட்டாது, ஆம்பளைக் குழந்தைக்குத்தான் வரும்."

அவள் ரத்தமும் அவளைப் போலவே வாயை மூடிக்கொண்டுவிட்டது. அப்படியானால் லூசியின் ரத்தம்? அதுவும் நன்றாகத்தான் உறையும், ஓலையும் வாசிப்பார்கள், இந்தக் கல்யாணத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் கேட்கும்போது முன்வரிசையில் முக்காடு போட்டு அவள்தானே உட்கார்ந்திருப்பாள்... அப்புறம் லூசிக்கு ஒரு மகன் பிறப்பான், அவனுக்கும் பல் விழும். "டாக்டரம்மா" என்றாள். டாக்டரம்மா நிமிர்ந்தாள். தனசீலனின் வாயிலிருந்து ஒரு துளி சேசம்மாளின் புறங்கையில் விழுந்தது, அவள் அதைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.