அடியில் போன பாதி வீடு

1973ஆம் வருஷம் ஆனி மாதம், குற்றாலத்தில் சாரல் பிடித்த முதல் வாரத்தில், தென்காசியில் இருந்த தங்கபுஷ்பம் டீச்சரின் பாதி வீடு, அவள் கணவனின் அண்ணன் அய்யாத்துரையின் பாதி வீட்டுக்கு அடியில் போகத் தொடங்கியது. வேகம் ஒன்றும் பெரிதில்லை. கை நகம் வளருமே, அந்த வேகம். அதனால் இரண்டு வருஷம் ஒருவரும் கவனிக்கவில்லை. அதன்பிறகு முதலில் டீச்சர்தான் கவனித்தாள். நடுச்சுவரை விட்டுத் தள்ளி அவள் போட்டிருந்த பீரோ, யாரும் தொடாமலே போய்ச் சுவரில் முட்டி நின்றது.

அது ஒரே வீடாக இருந்து பிரிந்தது. மாமனார் காலமானதும் நடுவில் சுவர் எழுப்பி, கிழக்குப் பாதியை அண்ணனும் மேற்குப் பாதியைத் தம்பி, டீச்சரின் கணவன் சுடலைமாடனும் எடுத்துக்கொண்டார்கள். எல்லாம் பிரிந்தது, வாசல் நிலையைத் தவிர. அப்பா செங்கோட்டையிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்து நிறுத்திய தேக்கு நிலை. வாசல் நிலையைப் பாகம் போடக் கூடாது என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். எனவே நிலையின் ஒரு கால் அண்ணன் தரையிலும் மறு கால் தம்பி தரையிலும் நின்றது. வினை அங்கேதான் இருந்தது.

டீச்சர் பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தினாள். பூமி ஆறிச் சுருங்கியபோது, காய்ந்த ஆரஞ்சுத் தோல் போல மலைகள் மடிந்தன என்றது பாடப் புத்தகம். அவள் அதை மூடிவைத்துவிட்டு வேறு சொன்னாள். பூமியின் மேலோடு ஒரே பலகை இல்லை, பெரிய பெரிய தட்டுகள், அவை நகர்கின்றன, முட்டிக்கொண்டால் கனமான தட்டு அடியில் போகும், விளிம்பு எங்கே மாட்டிக்கொள்கிறதோ அங்கே இறுக்கம் சேர்ந்துகொண்டே வந்து, தாங்க முடியாத அன்று பட்டென்று விடுபடும், அதுதான் பூகம்பம் என்றாள். பிள்ளைகளுக்குப் புரிந்தது. தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "டீச்சர், புஸ்தகத்துல இருக்கதை நடத்துங்க. உங்க வீட்டுல இருக்கதை நடத்தாதீங்க."

கனம் குறைந்தால் வீடு போவது நிற்குமோ என்று பீரோவை விற்றாள். புத்தகங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். நிற்கவில்லை. சர்வேயர் வந்து சங்கிலி பிடித்துப் பார்த்து, இடம் குறைவதாகப் பத்திரத்தில் இல்லையே என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். கர்ணம் இருந்த காலத்திலும் இதே பதில். கர்ணம் போய் வி.ஏ.ஓ. வந்த பிறகும் இதே பதில்.

இதற்குள் அண்ணன் வீட்டு அடுக்களைத் தரை ஆப்பம் போல நடுவில் உப்பி, உச்சியில் ஓட்டை விழுந்து, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. ஊரே மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற சமயம். அய்யாத்துரையின் மனைவி பேச்சித்தாய் ஒன்றும் யோசிக்காமல் அதன்மேல் இட்லிக் கொப்பரையைத் தூக்கி வைத்தாள். மூன்று வேளையும் செலவில்லாமல் வெந்தது.

"அக்கா, அது எரிமலை" என்றாள் டீச்சர். "எங்க தரை ஈரத்தோட உங்க அடியில போகுதுல்லா, அந்த ஈரந்தான் மேல உள்ள பாறையை உருக்குது."

"ஈரம் போயி தீ வைக்குமா? நல்ல கதையால்லா இருக்கு! குழம்பு வேணும்னா கேளுட்டி, தாரேன்."

டீச்சர் கேட்டது குழம்பு இல்லை. ஒரே ஒரு காரியம். குற்றாலத்தில் எண்ணெய்க்கடை வைத்திருந்த அய்யாத்துரை சீசன் முடிந்து வீடு தங்கும் ஒவ்வொரு வருஷமும் அதையே கேட்டாள்.

"அத்தான், நிலையை நடுவுல அறுத்துருவோம். வீடு போறது போகட்டும். குலுங்காம போகும்."

"எங்கப்பா வச்ச நிலையில ரம்பம் போடணுமாம், கேட்டியாலே தம்பி?"

"போடலைன்னா அதுவா அத்துக்கிடும். அன்னைக்கு என் வீடு ஒரேயடியா கீழ விழும்."

"எங்க விழப் போவுது? நம்ம வீட்டுக்கு அடியிலதானே? அன்னியத்துக்கா போவுது!"

சுடலைமாடன் அண்ணனுக்கு எதிரே வாய் திறக்க மாட்டான். பானைகள் லேசாக ஆடிய ஒவ்வொரு தடவையும் அய்யாத்துரை ஆசாரியைக் கூட்டிவந்து நிலைக்கு ஓர் இரும்புப் பட்டை அடித்தார். வீட்டைக் காப்பாற்றுவதாக அவருக்கு நினைப்பு. ஒவ்வொரு பட்டைக்கும் இறுக்கம் இன்னும் ஏறுகிறது என்று டீச்சர் கத்திப் பார்த்தாள், கரும்பலகையில் வரைந்து காட்டினாள், இரண்டு நாள் சாப்பிடாமலும் கிடந்தாள். நிலை இரும்புச்சட்டை போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றது.

1984 ஐப்பசியில், பட்டப் பகலில், நிலை அறுந்தது. அந்த இரண்டு பாதிகள் மட்டும் ஆடின. அடுத்த வீட்டு ஜாஹிரா பீவி கைப்பிடிச் சுவரில் காயவைத்திருந்த நார்த்தங்காய் ஒன்றுகூட உருளவில்லை. டீச்சர் பள்ளிவிட்டு வந்தபோது அவள் பாதி ஓர் ஆள் ஆழம் இறங்கியிருந்தது. தலையெல்லாம் ஓட்டுத் தூசியோடு சுடலைமாடன் கீழிருந்து கையை நீட்டிக்கொண்டு நின்றான். அய்யாத்துரை வாசலில் ரம்பத்தோடு உட்கார்ந்து, உடைந்த நிலையை அறுத்துக்கொண்டிருந்தார்.

"இப்ப அறுத்து என்னத்துக்கு அத்தான்?"

அவர் நிமிரவில்லை. "நீதானே அறுக்கச் சொன்ன."

அறுத்த துண்டுகளை ஆசாரி ஏணியாக்கினார். அதன் வழியே டீச்சர் தன் வீட்டுக்கு இறங்கினாள், மறுநாள் அதன் வழியே ஏறிப் பள்ளிக்கூடம் போனாள். வீடு பிறகு ஒருநாளும் குலுங்கவில்லை. அவள் சொன்னபடியே, நகம் வளரும் வேகத்தில், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஏணி எட்டாமல் போகும்போதெல்லாம், சீசனுக்குக் கடை திறக்குமுன் அய்யாத்துரை தன் கையாலேயே அடியில் ஒரு படி சேர்த்து அடித்தார்.