கூண்டுக்குள் சொன்னது

பொழுது புலரும் முன்பே ட்ரென்டன் கம்பி ஆலையில் அமில நெடியில் தொண்டை கமறியது. அமிலத்தில் துரு கழுவிய கம்பியைத் துளைத்தட்டில் செருகி மெலிதாக இழுத்து, சுழலும் உருளையில் சுற்ற வேண்டும். ஆளுக்கு ஓர் உருளை என்பதுதான் வழக்கம். அந்தக் குளிர்காலத்தில் லாயோஷ் இரண்டை ஓட்டினான். இரண்டாவது, இம்ரே பலோக்கின் உருளை.

இம்ரே வாசலில் வண்டிகளை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். அவனும் லாயோஷும் ஹங்கேரியிலிருந்து ஒரே கப்பலில் அமெரிக்கா வந்தவர்கள். ஆனால் இம்ரேக்குப் பந்தாடத் தெரிந்திருந்தது. முதலாளி வில்காக்ஸ் நடத்திய கூடைப்பந்து அணியில், கூலி வாங்கி ஆடும் ஐந்து பேரில் அவன் ஒருவன். சனிக்கிழமை மாலைகளில், அந்தக் கால வழக்கப்படி, பந்து வெளியே போகாமல் சுற்றிலும் அடைத்த கம்பிவலைக் கூண்டுக்குள் ஆட்டம். வலையில் மோதினால் தோல் கிழியும். வெளியே ஆலைக்காரர்கள் அவன் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். கை கெட்டுவிடக் கூடாதென்று வில்காக்ஸ் அவனை வாசலுக்கு மாற்றினார். அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை.

அன்று அலறல் கேட்டு இம்ரே ஓடினான். அறுந்த கம்பி சுருண்டு லாயோஷின் வலக்கையை உருளையோடு இழுத்திருந்தது. நான்கு விரல்கள் போயின.

மதியம் மாடி அலுவலகத்தில் வில்காக்ஸ் இம்ரேயிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"லாயோஷ் குடிச்சிருந்தான். நீ பார்த்தே. கையெழுத்துப் போடு."

"நான் வாசல்ல இருந்தேங்க."

"உன்னை வாசல்ல வச்சது யாரு? உருளைக்கே திரும்பிப் போறியா? சனிக்கிழமை ஆட எனக்கு வேற ஆள் கிடைப்பான்."

இம்ரே கையெழுத்துப் போட்டான். படியிறங்கும்போதே உடம்பு கூசியது. திரும்பிப் போய்க் காகிதத்தைக் கேட்கத் துணிவில்லை.

மறுநாள் ரொட்டிக் கடையில் லாயோஷின் மனைவி இலோனா எதிரே வந்தாள்.

"குடிகாரன்னு எழுதிக் குடுத்தியாமே. கம்பெனி காசு தராதாம். ஆஸ்பத்திரியில படுக்கையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க."

அவன் கைகளைக் கோட்டுப் பைகளுக்குள் நுழைத்துக்கொண்டான்.

"எதுக்கு ஒளிக்கிறே? ஊரே மெச்சுற கையாச்சே."

வரும் திங்கட்கிழமை வேலைநிறுத்தம் செய்வதென்று ஆலைக்காரர்களிடையே பேச்சு நடந்தது. ஒருவனுக்கு இரண்டு உருளை கூடாது, அடிபட்டவனுக்கு வைத்தியம் வேண்டும் என்பதே கோரிக்கை. பாதிப் பேர் தயங்கினார்கள். "குடிச்சிட்டு விழுந்தவனுக்காக நாம ஏன் பட்டினி கிடக்கணும்? இம்ரேயே பார்த்திருக்கான்ல?" அந்தப் பேச்சு இம்ரேயின் காதிலும் விழுந்தது.

சனிக்கிழமை மண்டபம் நிரம்பியிருந்தது. நடுவர் பந்தை உயர்த்தும் முன் இம்ரே வலையருகே வந்து நின்றான்.

"லாயோஷ் குடிக்கல. என் உருளையையும் சேர்த்து ஓட்டினான். இந்த அணிச் சட்டை போயிடுமேன்னு நான் பொய்க் கையெழுத்துப் போட்டேன்."

யாரோ காறித் துப்பினார்கள். எச்சில் வலை தாண்டி இம்ரேயின் கன்னத்தில் விழுந்தது. அவன் துடைக்கவில்லை. முன்வரிசையிலிருந்து வில்காக்ஸ், "அவனை வெளிய தள்ளு" என்றார். இம்ரே தானே கூண்டுக் கதவைத் திறந்து வெளியேறினான். கூட ஆடும் பீட்டரும் உருளை ஓட்டிய ஆள்தான். அவன் தன் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு இம்ரேயின் பின்னால் வந்தான்.

திங்கட்கிழமை விடியலில் ஆலை வாசலை மறித்து நூற்றுக்கணக்கானோர் கைகோத்து நின்றார்கள். தயங்கிய பாதியும் வந்திருந்தது. லாயோஷ் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்து நின்றான். எதிரே கம்பெனிக் காவலர்கள் தடிகளோடு. இம்ரே தெருவின் மறுபுறமே நின்றான்.

இலோனா தெருவைக் கடந்து வந்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்காதே."

"நினைக்கல."

"லாயோஷுக்கு வலப்பக்கம் கோக்கக் கை இல்ல. அவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு நில்லு."

போய் நின்றான். லாயோஷ் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, தோளை விலக்கவுமில்லை. ஆலைச் சங்கு ஊதியது. ஒருவரும் நகரவில்லை.